மாற்று வேட்பாளர்

எங்கள் மண்ணரையில் ஒரு கலியாணம் என்றால் பந்தியில் இடம் பிடிக்க ஐந்நூறு பேர் முண்டுவார்கள். அதே ஊரில் ஒரு ஏழைக் கட்சிக்காரர் எம்பி தேர்தலில் நிற்கிறேன் என்று கிளம்பினால், முன்மொழிந்து கையெழுத்துப் போடப் பத்துப் பேர் கிடைக்க மாட்டார்கள். பெரிய கட்சிக்கு ஒரு ஆள் போட்டால் போதுமாம். அங்கீகாரம் இல்லாத சின்னக் கட்சிக்குப் பத்துப் பேர் வேண்டுமாம். இளைத்தவன் தலையில்தான் எதையும் ஏற்றுவார்கள். அந்தப் பத்தில் ஒருவன் நான். பெயர் பொங்கியண்ணன். குட்டியானை ஓட்டுகிறேன். துணி மூட்டை ஏற்றுகிற நாலு சக்கரச் சின்ன வண்டிக்குத் திருப்பூரில் அப்படித்தான் பெயர்.

எனக்குக் கட்சியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நின்றவர் பக்கத்து வீட்டுக் குமாரவேல் என்பதால் போட்டேன். அது இரண்டாயிரத்து ஒன்பது. திருப்பூருக்கென்று எம்பி தொகுதி பிரித்த பிறகு வந்த முதல் தேர்தல். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துபோய், கரண்டு வருவதும் போவதுமாக, நொய்யலில் ஒரு நாள் ஊதாவும் ஒரு நாள் சிவப்புமாகச் சாயத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த காலம். சித்திரை வெயில் தகரக் கொட்டகைகளை வறுத்தெடுத்தது.

குமாரவேல் நெசவுக் குடும்பத்து ஆள். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. அவர் கட்சிக்குத் தொழிலாளர் செங்கொடி முன்னணி என்று பெயர். பெயர்தான் நீளம். கொடி பிடிக்க ஆள் வந்தால் கோஷம் போட ஆள் இருக்காது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. எட்டு மணி நேர வேலை. சட்டப்படி காலை எட்டரைக்கு வந்தவர்கள் மாலை ஐந்தரைக்குப் போகலாம். ஆனால் எங்கள் ஊரில் எவன் போகிறான்? ஒன்றரை ஷிப்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ராத்திரி எட்டரை வரைக்கும் உட்கார வேண்டும். சரக்கு அனுப்புகிற நாள் என்றால் அதற்கும் கணக்கில்லை. நடுவில் எழுந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

குமாரவேலின் மனைவி சுப்புலட்சுமிக்கும் அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்து, நூல் பிசிறை வெட்டி அடுக்க வேண்டும். வாய் அதிகம் பேசாத பெண். சஷ்டி தவறாமல் விரதம். பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை. கம்பெனி யாருடையது என்றால் அவள் சொந்த அண்ணன் வேலுமணியுடையது. தகரக் கொட்டகைக்குள் இருபது மெஷின். ஆனாலும் எங்கள் ஊரில் அதற்குக் கம்பெனி என்றுதான் பெயர், அவர் முதலாளிதான்.

மனு கொடுப்பதற்கு முன்தினம் ராக்கையா வந்து ஒரு குண்டைப் போட்டான். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், வேலுமணி கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைக்கிற டெய்லர், முன்னணியின் கிளைச் செயலாளர்.

“அண்ணே, மாத்து வேட்பாளர்னு ஒராளு வேணும்ணே. ஒங்க மனுவ எதாச்சும் நொட்டை சொல்லித் தள்ளிப்புட்டாய்ங்யன்னா, அந்தாளு நிக்கணும்ல?”

“பத்துக் கையெழுத்துக்கே நாக்குத் தள்ளிப் போச்சு. இன்னொரு ஆளுக்கு எங்க போறது?” என்றார் குமாரவேல்.

“இருக்காகள்ல, மதினி.”

சுப்புலட்சுமி இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்துகொண்டிருந்தாள். பிழிகிற கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“நானுங்களா? எனக்கென்ன தெரியுமுங்க?”

“ஒண்ணும் தெரிய வேணாம் மதினி. அண்ணன் மனுவ ஏத்துக்கிட்டாகன்னா, கடைசி நாளு ஒங்க மனுவ வாபஸ்னு ஒரு கையெழுத்து. அம்புட்டுத்தேன்.”

“வண்டியில ஒரு டயரு சும்மா தொங்கிட்டே வருமல்லம்மிணி, அந்த மாதர,” என்று நான் விளக்கினேன்.

“தொங்கறதுக்குத்தானுங்க என்னைக் கூப்பிடுவீங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பிழிய ஆரம்பித்தாள். ஆனால் மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கும் பத்துப் பேர் வேண்டும் என்பதால் நாங்களேதான் அதிலும் போட்டோம். சனிக்கிழமை பரிசீலனையில் இரண்டு மனுவும் ஏற்கப்பட்டன.

அன்று சாயங்காலமே வேலுமணியின் கார் எங்கள் சந்தில் வந்து நின்றது. சந்துக்குள் கார் நுழைந்தால் மற்றவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் இறங்கி, வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வண்டியைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். அவர் கம்பெனி மூட்டையை ஏற்றித்தான் நானும் கஞ்சி குடிக்கிறேன். போவதா நிற்பதா என்று எனக்கே சங்கடம்.

“வாங்க சாமி, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருக்கறேன், ஒருவாய் உண்டுட்டுப் போங்க,” என்றாள் குமாரவேலின் அம்மா ரங்காத்தாள்.

“சோறு உண்கறது கெடக்கட்டுமுங்க அத்தை. உங்க மவன் எனக்குத் திங்கறதுக்கு ஏதாச்சும் மிச்சம் வெப்பாரான்னு கேளுங்க.” குமாரவேல் பக்கம் திரும்பினார். “ஏனுங் மாப்பள, நான் தைக்கப் பீஸ் வாங்கறது ஆருகிட்ட? அந்த எக்ஸ்போர்ட்டருகிட்ட. அவரு எந்தக் கட்சி? பெரிய கட்சி. இன்னைக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேக்கறாரு, ‘உங்க மாப்பளயாமா எங்களுக்கு எதுத்து நிக்கறது’ன்னு. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறது?”

“நான் ஆருக்கும் எதுத்து நிக்கலீங்க மச்சா. எட்டு மணி நேர வேலைக்காக நிக்கறேன்.”

“அது எனக்கு எதுத்துத்தானுங்க!” வேலுமணிக்குக் குரல் உயர்ந்தது. “எட்டு மணி நேரத்துல எந்திரிச்சுப் போனா எவன் சரக்கு முடிக்கறது? உங்க கட்சிக்கு வுழுகற ஓட்டு ஒரு சோத்துப் பானைக்குள்ள அடங்கிப்போகும். அதுக்கு எதுக்குங்க இந்தக் கூத்து? கடைசி நாளு திங்கக்கிழம. போயி வாபஸ் வாங்கிப்போடுங்க. இல்லீன்னா செவ்வாய்க்கிழமயில இருந்து ரெண்டு பேரும் கம்பெனிக்கு வர வேண்டாம். சொந்தம் வேற, தொழில் வேற.”

“சொந்தம் வேறன்னுதானுங்களே ஒன்றர ஷிப்டுக்கும் சேத்து என்ற முதுக ஒடச்சீங்க,” என்றார் குமாரவேல்.

சுப்புலட்சுமி கதவோரமாக நின்றுகொண்டு அண்ணனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். வேலுமணி சோறு உண்ணாமலே காரை எடுத்துக்கொண்டு போனார்.

கார் போனதும் ரங்காத்தாள் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரக் கிழவி. அழுது பிரயோஜனமில்லை என்று தெரிந்தால் அழமாட்டாள், சாமியை இழுத்து விடுவாள்.

“எஞ்சொல்லையும் கேக்க வேண்டாம், உம்பட மச்சாஞ் சொல்லையும் கேக்க வேண்டாம். பூ கேட்டுப் போடலாம். முருகஞ் சொன்னா நில்லு. வேண்டாம்னா வுட்டுரு.”

“ஆத்தா, நான் கம்யூனிஸ்ட்டு. நானெப்பிடிப் பூ கேக்கறது?”

“நீ கேக்க வேண்டாம். நாங் கேக்கறேன். நீ வந்து சும்மா நில்லு. பொறக்கறதுக்கு முன்னால உனக்காவப் பூ கேட்டவ நானு. அன்னிக்குக் கம்யூனிஸ்ட்டுன்னு சொன்னயா?”

மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷன் ஆத்தா முன்னால் பிடரியைச் சொறிந்தார். சரி என்று தலையாட்டிவிட்டார். தலையாட்டியது அம்மாவுக்குப் பயந்தா, மச்சானுக்குப் பயந்தா என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டுக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களை என் வண்டியிலேயே கூட்டிப்போனேன். வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குன்று. அதன் மேல் அவர்கள் குடும்பம் கும்பிடுகிற முருகன். கரடெல்லாம் காய்ந்து கிடந்தது. படியில் வெறுங்காலை வைத்தால் தோசைக்கல். அந்த வெயிலிலும் ரங்காத்தாள் எங்களுக்கு முன்னால் ஏறினாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதில் இருந்து கிணறு வெட்டுவது வரை பூ கேட்காமல் செய்யமாட்டார்கள். ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்துவிட்டு, அங்கே வந்திருக்கிற ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்த நிறம் வந்தால் என்ன அர்த்தம் என்று முன்னாலேயே சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும். அங்கேதான் சண்டை.

“செவப்பு வந்தா நிக்கறதுன்னு வெய்யி ஆத்தா,” என்றார் குமாரவேல்.

“ஏண்டா, சாமிகிட்டயுமா கட்சி பேசுவே? வெள்ளைதான் நல்ல வாக்கு. எந்தலமொறையில அப்பிடித்தான். வெள்ளை வந்தா நிக்கலாம், செவப்பு வந்தா நிக்கக்கூடாது.”

“செவப்பு ஏன் கெட்ட வாக்கு? அதைச் சொல்லு மொதல்ல.”

பூசாரி மணியை வைத்துவிட்டு, “முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க சாமி, பின்னால ஆளு நிக்குது,” என்றார்.

கடைசியில் ஆத்தா சொன்னதே நின்றது. பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் வந்து, கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

குமாரவேல் வெளியே போய்ப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். ரங்காத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுப்புலட்சுமி அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இது வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை. கீழே இறங்கி வரும்போது கேட்டேன். “முருகஞ் சொன்னா சரியாத்தானுங்ண்ணா இருக்கும்,” என்றாள். அவ்வளவுதான்.

செய்தி கேட்டு ராக்கையா குதித்தான்.

“செவப்புப் பூ வந்துருக்குண்ணே! இதுக்கு மேல முருகன் என்ன செய்யணும்ங்கிறீக, எறங்கி வந்து கொடியா நடுவாரு?”

“ஆத்தாளுக்கு வாக்குக் குடுத்துட்டன் ராக்கையா.”

“ஓட்டுக் கேக்க வாரேன்னு சனத்துக்குக் குடுத்த வாக்கு? அது வாக்கு இல்லையாண்ணே?”

ராக்கையா தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து உதறிவிட்டுப் போனான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு ஆறவில்லை. கட்சி கிடையாது என்றேனே தவிர, வெயிலில் அலைந்து கையெழுத்து வாங்கியவர்களில் நானும்தானே ஒருவன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். திருப்பூர் ஜில்லாவாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரே கூட்டம். வேலுமணி எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் பல். “வாங்க மாப்பள, சாப்டீங்களா? ஏ பொங்கியண்ணா, எல்லாருக்கும் எளநி சொல்லு,” என்று ஒரே உபசாரம்.

மூன்று மணிக்குள் வாபஸ் வாங்கவேண்டும். குமாரவேல் உள்ளே போனார். அதிகாரி ஒரு தடவைக்கு இரண்டு தடவை, “உங்க சொந்த விருப்பந்தானா?” என்று கேட்டார். குமாரவேல் தலையைக் குனிந்துகொண்டே ஆமாங்க என்றார். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவு வீட்டில் இருந்து வருகிறவர் மாதிரி இருந்தார். அடுத்தது சுப்புலட்சுமி முறை. வாபஸ் தாளைக் கையில் பிடித்தபடி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வேலுமணி குமாரவேலின் தோளில் கையைப் போட்டார்.

“வாங்க மாப்பள, கேட்டுக்கு வெளிய எக்ஸ்போர்ட்டரோட கட்சி வேட்பாளரு அண்ணனே வந்து நிக்கறாரு. ஒரு சால்வை, ஒரு போட்டோ. நாளைக்கிப் பேப்பர்ல வந்துரும்.”

“சால்வையா?” குமாரவேல் நின்றுவிட்டார். “எதுக்குங்க சால்வை?”

“நீங்க வாபஸ் வாங்கிட்டு எங்களுக்கு ஆதரவு தர்றீங்கல்லங்க, அதுக்கு.”

“அதப் பேசவே இல்லியேங்க.”

“பேசறதுக்கென்னங்க இருக்குது, வாபஸும் ஆதரவும் எல்லாம் ஒட்டுக்காத்தான். நாஞ் சொல்லிப்போட்டேன் அவங்ககிட்ட. மாப்பள என்ற பேச்சத் தட்டமாட்டாருன்னு.”

குமாரவேல் சுவரில் சாய்ந்துகொண்டார். அப்போதுதான் பெஞ்சில் இருந்து சுப்புலட்சுமி குரல் வந்தது.

“அண்ணா, பூ கேட்டது நிக்கலாமா வேண்டாமான்னுதானுங்க. சால்வை போத்திக்கலாமான்னு ஆரும் கேக்கல.”

“நீ பேசாத இரு அம்மிணி. உள்ள போயிக் கையெழுத்தப் போட்டுட்டு வா. நேரமாவுது.”

“சாமி வேண்டாம்னு சொல்லுச்சுன்னுதான் இவரு தலையக் குனிஞ்சாரு. அது சாமிக்குக் குனிஞ்ச தலை. அதும் மேல நீங்க எப்பிடிங்க துணி போடுவீங்க?”

“ஏய்…”

“இத்தன வருசமா உங்க கம்பெனியில தலை நிமுராம பீஸ் பாத்தனுங்க. எம்புள்ளையப் பெத்த ஏழாம் மாசம் வந்து உக்காந்தேன். காச்சலோட உக்காந்தேன். எட்டரைக்கு எந்திரிக்கறப்ப காலு ரெண்டும் கட்டையாட்டம் இருக்கும். அண்ணங்கம்பெனிதானன்னு வாயத் தொறக்கல. எங்க மானத்தையும் பீஸோட சேத்து அனுப்பிப் போடலாம்னு நெனச்சீங்களா?”

உள்ளே இருந்து ஆபீஸ் ஆள் எட்டிப் பார்த்து, “அம்மா, சுப்புலட்சுமிங்கறது நீங்கதானே? வாபஸ் வாங்கறீங்களா இல்லையா? டைம் முடியப் போகுது,” என்றார்.

“இல்லீங்க சார்,” என்று அவள் எழுந்தாள். “நான் நிக்கறனுங்க.”

வாபஸ் தாளை நாலாக மடித்து மணிபர்சுக்குள் வைத்துக்கொண்டாள். கிழிக்கவெல்லாம் இல்லை. எதையும் வீணாக்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வேலுமணி முகம் செத்துப்போனது. “நாளைக்கிருந்து எங்கம்பெனி வாசல்படி மிதிக்கக் கூடாது ரெண்டு பேரும். அண்ணன்னு எவனையும் சொல்லிட்டுத் திரியக் கூடாது.”

“கம்பெனி உங்களுதுங்க. வரல. அண்ணன்னு சொல்லாத இருக்க முடியாதுங்க, அது எங்கம்மா பெத்தது.”

வெளியே போட்டோவுக்கு நின்றவர்கள் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்கள். நாங்கள் பின்பக்கக் கேட் வழியாக வந்து வண்டி ஏறினோம். ஏறியதும் எனக்கு என்ன தோன்றியதோ, வழியெல்லாம் ஆரன் அடித்துக்கொண்டே வந்தேன். மூட்டை ஏற்றுகிற பிழைப்புப் போச்சு என்று தெரியும். போகட்டும் என்றிருந்தது.

வீட்டில் ரங்காத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். “சாமி குத்தமாயிருமடி! முருகஞ் சொல்லத் தட்டிப்போட்டு வந்திருக்கறயே!”

“அத்தை, உங்க மவன் நிக்கக்கூடாதுன்னு சாமி சொல்லுச்சு. அவரு நின்னாரா? நிக்கல. என்னையப் பத்தி நீங்க கேக்கவே இல்லீங்களே.”

கிழவி வாயைப் பிளந்தாள். “அப்ப உனக்கும் ஒருக்காக் கேட்டுப் போடலாம்.”

“வேண்டாமுங்கத்தை. எதுக்கெடுத்தாலும் சாமியத் தொந்தரவு பண்ணிக்கிட்டு.”

நான் சிரித்துவிட்டேன். குமாரவேல் சிரிக்கவில்லை. அவர் இரண்டு நாள் மூலையில் கிடந்தார். ஊரெல்லாம் பெண்டாட்டியை நிறுத்திவிட்டு ஒளிந்துகொண்டான் என்று பேசுகிறார்களாம். மூன்றாம் நாள் பிரச்சாரத்துக்குக் கிளம்பும்போது அவள் போய் மைக்கை அவர் மடியில் வைத்தாள்.

“எனக்குப் பேச வராதுங்க. உங்களுக்கு வருமுங்க. மூலையில கெடந்து ஆருக்கு லாபம்?”

அவர் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

எங்களுக்குக் கிடைத்த சின்னம் மெழுகுவத்தி. “கரண்டு போனா எங்க சின்னந்தேன் எல்லா ஊட்லயும் எரியும்” என்று ராக்கையா கொங்குத் தமிழும் உசிலம்பட்டித் தமிழும் கலந்து கத்துவான். குட்டியானையில் ஒரு ஒலிபெருக்கி, இரண்டு கொடி. அவிநாசி ரோடு, மண்ணரை, சந்து பொந்தெல்லாம் போனோம். பெரிய கட்சிக்காரர்களுக்கு வாசலுக்கு வாசல் ஆரத்தி. எங்களுக்கு நாய் குரைத்தது.

கம்பெனிகளில் டீ விடுகிற நேரம் பார்த்து கேட் முன்னால் வண்டியை நிறுத்துவோம். குமாரவேல் பேசுவார். உலகப் பொருளாதாரத்தில் ஆரம்பிப்பார். ஆட்கள் வடை தின்றுகொண்டு நிற்பார்கள். ஒரு நாள் நடுவில் சுப்புலட்சுமி, “ஏனுங்க, கொஞ்சம் குடுங்க,” என்று மைக்கை வாங்கினாள். எங்களுக்குத் திக்கென்றது.

“அக்கா, நேத்து எத்தன மணிக்கு ஊட்டுக்குப் போனீங்க?”

அவ்வளவுதான் கேட்டாள். வடை தின்றுகொண்டிருந்த ஒரு பெண், “ஒம்பதரை ஆச்சுங்க,” என்றாள்.

“புள்ளைக முழிச்சிருந்துச்சுங்களா?”

அந்தப் பெண் கடித்த வடையைக் காகிதத்திலேயே வைத்துவிட்டாள். டீக்கடைக்காரர் கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஓரமாக நின்ற ஒரு வடக்கத்திப் பையன், “தீதி, இதர் வோட் நஹி ஹை,” என்று, தனக்கு இங்கே ஓட்டில்லை எனக் கையை விரித்தான்.

“ஓட்டில்லாட்டிப் போச்சாது கண்ணு. உனக்கு எத்தன மணி நேரம்?” விரலை மடக்கிக் காட்டினாள்.

“பாரா கண்டா.”

“பன்னெண்டுங்கறான்,” என்றாள் மைக்கில். அதற்கப்புறம் எல்லா கேட்டிலும் அவள் அதே இரண்டு கேள்விதான் கேட்டாள். வேறு பேச்சே கிடையாது. நான் எத்தனையோ மேடை பார்த்திருக்கிறேன். கூட்டத்தைக் கைதட்ட வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டை நினைக்க வைத்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேலுமணி கம்பெனி முன்னாலும் போனோம். கேட்டைச் சாத்திவிட்டார். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம். சுப்புலட்சுமி இறங்கிப் போய்க் கேட் கம்பி வழியாகத் துண்டு நோட்டீசை நீட்டினாள். “அண்ணா, உங்களுக்கும் ஒரு ஓட்டு இருக்குதுங்க. அண்ணி கிட்டயும் சொல்லுங்க.” அவர் வாங்கவில்லை. அவள் அதைக் கேட்டிலேயே செருகிவிட்டு வந்தாள்.

தேர்தல் முடிந்தது. எண்ணினார்கள். டெபாசிட் போச்சு. எங்களுக்கு விழுந்த ஓட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தால் ஒரு மண்டபத்தில் நாலு பந்தியில் முடிந்துவிடும். ஜெயித்தவர்கள் வெடித்த வெடியில் சந்தெல்லாம் காகிதக் குப்பை. மறுநாள் காலையில் சுப்புலட்சுமி தன் வாசலில் கிடந்ததைக் கூட்டித் தள்ளிவிட்டுக் கோலம் போட்டாள். “தோத்துட்டமேம்மிணி,” என்றேன். “ஆமாங்ண்ணா. தோத்தாச்சு. அதுக்கு என்ன பண்றது, கோலம் போடாத இருக்க முடியுமுங்களா?” என்றாள். எவனும் வேலை தரவில்லை. எலெக்‌ஷனில் நின்ற பெண்ணா, வேண்டாமப்பா என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் கம்மங்கூழும் பச்சை வெங்காயமும்தான். ரங்காத்தாள் முணுமுணுப்பாள், ஆனால் மருமகள் கிண்ணத்தில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவாள்.

வைகாசியில் தெக்கத்திச் சனம் பாதிப் பேர் ஊர் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வேலுமணிக்கு அவசரச் சரக்கு. கார் மறுபடியும் சந்துக்குள் வந்தது. ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

“நடந்தது நடந்துபோச்சு அம்மிணி. நான் மறந்துட்டேன். செக்கிங்குக்கு ஆளில்ல, கட்டிங்கும் தேங்கிக் கெடக்குது. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க, ராக்கையாவையும் வரச் சொல்லுங்க. ஏ பொங்கியண்ணா, நீயும் வண்டிய எடுத்துட்டு வந்துரு.”

“வர்றனுங்கண்ணா,” என்றாள். “சாயங்காலம் அஞ்சரைக்கு எந்திரிச்சுருவேன்.”

வேலுமணி சிரித்தார். “எலெக்சனுதான் முடிஞ்சு போச்சே!”

“உங்களுக்கு முடிஞ்சுதுங்க.”

அவர் அதை விளையாட்டென்றே நினைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மூட்டை ஏற்றுவதற்காகக் கம்பெனி வாசலில் வண்டியோடு நின்றிருந்தேன். உள்ளே மெஷின்கள் ஒரே இரைச்சல். பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ஐந்தரை ஆனது. சுப்புலட்சுமி கையில் இருந்த பீஸை முடித்து அடுக்கினாள். மடியில் இருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“ஏ, உக்காரு. இன்னும் ஒரு அடுக்கு இருக்குது,” என்றார் வேலுமணி.

“நாளைக்குப் பாக்கறனுங்க.”

“இன்னைக்கு ராத்திரி லோடு போகோணும்!”

“எம்பட நேரம் முடிஞ்சுதுங்க.”

அவள் நடந்தாள். கட்டிங் டேபிளில் குமாரவேல் தலைநிமிர்ந்து பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மறுபடியும் குனிந்துவிடுவார் என்றே நினைத்தேன், கடவுள் சத்தியமாக. அவர் கட்டிங் மெஷினை நிறுத்தினார். துணியை இழுத்து மூடினார். “நானும் வர்றன் புள்ள,” என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

வேலுமணி ஓடிவந்து வாசலை மறித்து நின்றார். “பொங்கியண்ணா, நீ மூட்டைய ஏத்து! இவங்க கெடக்கறாங்க.”

“நாளைக்கிக் காலையில ஏத்திக்கறனுங்க,” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

உள்ளே ஒரு மெஷின் நின்றது. பிறகு இன்னொன்று. ராக்கையா எழுந்தான். அவன் எழுவான் என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்குப் பின்னால் வேல்விழி என்கிற தெக்கத்திப் பெண் எழுந்தாள். கைக்குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து தைக்கிறவள். அவளுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர்.

வேலுமணிக்குக் கண்மண் தெரியவில்லை. “அட கூறுகெட்டவங்களா! ஆரு பின்னாடி போறீங்க? இவ தோத்தவ! டெபாசிட்டே இல்லாமப் போனவ! இவளுக்கு எவன் ஓட்டுப் போட்டான்?”

வேல்விழி வாசலுக்கு வந்து நின்றாள். பயந்துதான் இருந்தாள்.

“நாங்கதேண்ணே போட்டோம்,” என்று சொல்லிவிட்டு, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே தன் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.